கூரையில்லாக் காருக்கு நான்கு நாள்

காரைக்குடிக்குக் கார் வாங்கப் போனேன். முதல் நாள் முழுக்க டைல்ஸ் பார்த்தேன்.

இதைச் சொன்னால் என் கணவர் இன்றைக்கும் சிரிக்கிறார். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கோயம்புத்தூரில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு எனக்கென்று நான் ஆசைப்பட்ட ஒரே பொருள் ஒரு கார். இங்கிலாந்தில் செய்தது, இரண்டே இருக்கை, கூரையைப் பின்னால் மடித்துப் போட்டுவிட்டு ஓட்டுகிற பழைய ஸ்போர்ட்ஸ் கார். கல்லூரியில் படித்த காலத்தில் ரேஸ்கோர்ஸ் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது ஒரு டாக்டர் அப்படியொரு பச்சைக் காரில் போவார். ஒரு நாள் நல்ல மழை. நாங்களெல்லாம் நிழற்குடைக்குள் ஒடுங்கி நிற்க, அவர் கூரையைக்கூடப் போடாமல் நனைந்துகொண்டே போனார். முகத்தில் ஓர் அவசரமும் இல்லை. அன்றைக்குப் பிடித்தது இந்த ஆசை.

செட்டிநாட்டில் ஒரு பெரிய வீட்டில் அப்படி ஒரு வண்டி விலைக்கு இருப்பதாக ஒரு தரகரிடமிருந்து வாட்ஸாப்பில் படம் வந்தது. சிவப்பு வண்டி. என் கணவருக்கு முதுகுவலி. இரண்டு பேர் உட்காரும் காரைப் பார்க்க மூன்று பேர் எதற்கு என்று அவர் வீட்டிலேயே இருந்துகொண்டார். நானும் மெக்கானிக் பழனிச்சாமியும் கிளம்பினோம். பழனிச்சாமி சிங்காநல்லூரில் பட்டறை வைத்திருப்பவர், அறுபதைத் தாண்டியவர், ஒரு நாளைக்குப் பத்து வாக்கியத்துக்கு மேல் பேசாதவர். துணிமணிக்கு ஒரு சின்னப் பையும் கருவிகளுக்கு ஒரு பெரிய பையும் கொண்டுவந்தார்.

காரைக்குடி பஸ் நிலையத்தில் தரகர் ஜமால் காத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். புரூணையில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்து, இடிக்கிற வீடுகளின் தூணையும் கதவையும் பீங்கான் பாத்திரத்தையும் வாங்கி விற்கிறவர். கார் வியாபாரம் இதுதான் முதல் தடவை. அதை அவர் மூன்றாம் நாள்தான் சொன்னார்.

என்னைத் தாண்டிப் பழனிச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்கண்ணே, பயணமெல்லாம் சௌரியமா இருந்துச்சா? காரு உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்."

பழனிச்சாமி என் பக்கம் கையைக் காட்டினார். "வாங்கறது மேடமுங்க."

ஜமால் என்னைப் பார்த்தார். பிறகு என் பின்னால் பார்த்தார். "சார் வரலீகளா?"

சார் வரவில்லை, வரப்போவதும் இல்லை, காரை ஓட்டப்போவது நான்தான் என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்த நான்கு நாளும் வண்டியைப் பற்றிய ஒவ்வொரு சொல்லையும் பழனிச்சாமியிடம்தான் பேசினார். என்னிடம் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசினார்.

சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தங்கிய விடுதியில் வெள்ளைப் பணியாரமும் அதற்குத் தொட்டுக்கொள்ள ஒரு சிவப்புச் சட்னியும் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் அந்தக் காரத்துக்கு ஒரு வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இங்கே குழந்தைகள் சாப்பிடுகிறார்கள். காரை எப்போது பார்ப்பது என்று கேட்டேன். பதினோரு மணிக்கு என்றார் ஜமால். பதினோரு மணிக்கு நாங்கள் ஆத்தங்குடியில் இருந்தோம்.

வண்டியைப் பார்க்கப் போகும் வழியில் ஐந்தே நிமிஷம் என்று சொல்லி அழைத்துப் போனார். அது வழியே இல்லை என்பது திரும்பும்போதுதான் தெரிந்தது. ஒரு பட்டறையில் கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றிப் பூப்பூவாக டைல்ஸ் செய்துகொண்டிருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. முதல் பட்டறையில் நின்று பார்த்தேன். இரண்டாவதில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவதில் ஜமாலின் வேனை விட்டு இறங்கவில்லை. இறங்கவும் முடியாது. அந்த வேனின் கதவு வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும். அவர் உள்ளே யாரிடமோ பேசப் போய்விட்டார், நான் நாற்பது நிமிஷம் வெயிலில் உள்ளே கிடந்தேன். பழனிச்சாமி வந்து திறந்துவிட்டார். இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பக்கத்துக் கடையில் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கியதாகச் சொன்னார்.

சாயங்காலம் ஒரு வழியாகக் கோட்டையூர். ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரைக்கும் நீள்கிற வீடு. வீட்டின் பின்பக்கம் கார் கொட்டகை. இரட்டைக் கதவு, அதில் என் உள்ளங்கை அளவுக்குப் பூட்டு. சாவி இல்லை.

சாவி சுப்பையாவிடம் இருக்கிறதாம். இறந்துபோன வீட்டுக்காரரின் தம்பி மகன் சுப்பையா. அவர்தான் விற்பனையைப் பேசிக்கொண்டிருப்பவர். ஒரு நில வழக்குக்காகச் சிவகங்கையில் தங்கியிருக்கிறார். அப்படியென்றால் எங்களை ஏன் இன்றைக்கு வரச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "வந்தீகன்னா ஊரையும் பாத்த மாதிரி இருக்கும்ல" என்றார் ஜமால்.

கதவு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். இருட்டுக்குள் வட்டமாக ஒரு முகப்பு விளக்கு, அதற்குமேல் சிவப்பாகக் கொஞ்சம் பானெட். அவ்வளவுதான் தெரிந்தது. நான் வெகு நேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு பழனிச்சாமி குனிந்து பார்த்தார். "டயரு உக்காந்துருச்சுங்க" என்றார்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து எழுபது வயதுக்கு மேலான ஓர் அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தூண் பார்க்க வந்தவர்களா என்று ஜமாலிடம் விசாரித்தார். கார் பார்க்க வந்தவர்கள் என்றார் ஜமால். அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் யார் என்று கேட்கவில்லை.

மறுநாள் சிவகங்கைக்குப் பஸ் ஏறினோம். ஜமால் வரவில்லை. அவருக்கு ஒரு கதவு விற்பனை இருந்தது. பாதி வழியில் பஸ் நின்றது. டிரைவர் இறங்கி அடியில் பார்த்தார், கண்டக்டர் இறங்கி டிரைவரைப் பார்த்தார். பழனிச்சாமி போய் அடியில் படுத்தார். கால் மணி நேரத்தில் பஸ் கிளம்பியது. கண்டக்டர் நன்றி சொல்லிவிட்டு, "அண்ணே, பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு எங்குட்டுப் போறீக?" என்று கேட்டார். பழனிச்சாமியின் காது சிவந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கோர்ட் வளாகத்தில் சுப்பையாவைத் தேடிப் பிடித்தோம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நாற்பத்தைந்து வயது, இனிமையான பேச்சு. வழக்கு மதியத்துக்கு மேல்தான் வரும் என்றார். மதியத்துக்கு மேல் வந்தது, வந்த வேகத்தில் வாய்தா ஆனது. அதுவரை வேப்பமரத்தடியில் நின்றேன். கோயம்புத்தூரிலும் கோர்ட் இருக்கிறது, அங்கேயும் வாய்தா உண்டு. ஆனால் எங்கள் ஊர் வேப்பமரத்துக்கு நிழல் இருக்கும்.

சுப்பையா ஆர்.சி. புக்கைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். போன வருஷம்தான் புதுப்பித்திருந்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. உரிமையாளர் பெயர் இருந்த இடத்தில் மீனாட்சி என்று இருந்தது. யார் என்று கேட்டேன்.

"எங்க பெரியாத்தா. பெரியப்பச்சி தவறுனதுக்கு அப்புறம் அவுக பேருக்கு மாத்துனது. பிள்ளைகுட்டி கிடையாது. அவுகளுக்கு இதுல ஒண்ணும் தெரியாது மேடம், கையெழுத்த நான் வாங்கித் தாரேன்."

நான் சரி என்றேன். முப்பத்தொரு வருஷம் இன்சூரன்ஸில் இருந்தவள். யாருடைய பெயரில் பத்திரமோ அவர்களைப் பார்க்காமல் ஒரு தாளையும் நகர்த்தாதவள். அன்றைக்குக் கால் வலியிலும் கோபத்திலும் சரி என்று சொல்லிவிட்டேன். சாவியைக் கேட்டேன். சாவி காரைக்குடியில் அவர் வீட்டு பீரோவில் இருக்கிறதாம். பீரோ சாவியோடு அவர் மனைவி கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம். நாளைக்கு மதியம் கட்டாயம் கிடைக்கும்.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் வெண்டைக்காய் மண்டி வைத்தார்கள். அரிசி கழுவிய தண்ணீரில் புளியும் சேர்த்துச் செய்வதாம். நான் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்த நாளில் எனக்கு நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் மதியம் சாவி வந்தது, கதவு திறந்தது. கார் நடுவில் நின்றது. முன்பக்கம் தவிர அதைச் சுற்றி, எங்கோ பெயர்த்தெடுத்த பழைய டைல்ஸை இடுப்பளவுக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். நானும் பழனிச்சாமியும் ஜமாலும் இரண்டு மணி நேரம் டைல்ஸ் தூக்கினோம். அந்த ஜில்லாவில் நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் டைல்ஸ்தான்.

ஆனால் கார் அழகாக இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. கூரைத் துணியை எலி தின்றிருந்தது, இருக்கையின் தோல் வெடித்துத் தேங்காய் நார் வெளியே வந்திருந்தது, பக்கக் கண்ணாடி ஒன்று இல்லை. இருந்தும் அந்தத் தாழ்ந்த நீண்ட முகப்பைப் பார்த்ததும் மூன்று நாள் எரிச்சலும் கொஞ்சம் இறங்கியது. ஸ்டியரிங்கைத் தொட்டேன். மெல்லிய மர வளையம். என் கைக்கு நன்றாக இருந்தது.

பழனிச்சாமி பானெட்டைத் திறந்து குனிந்தவர் நிமிரவே இல்லை. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எண்களைத் தேடினார். கடைசியில் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மேடம், இது இந்த வண்டியோட இன்ஜின் இல்லைங்க. நம்மூரு பழைய டாக்சி இன்ஜினுங்க. ஓடும். ஆனா இது அது இல்லைங்க."

ஒரிஜினல் இன்ஜின் என்று ஜமால் எழுத்திலேயே அனுப்பியிருந்தார். அந்தச் செய்தியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். அவர் சுப்பையாவுக்குப் போன் போட்டு என் காதில் வைத்தார். சுப்பையா கொஞ்சமும் தயங்காமல், எல்லாம் ஒரிஜினல்தான், மெக்கானிக்குக்குப் பழைய வண்டி பழக்கமில்லை போலிருக்கிறது என்றார். பழனிச்சாமிக்கு அது கேட்டுவிட்டது. அவர் கருவிகளை ஒவ்வொன்றாகப் பையில் போட ஆரம்பித்தார். நானும் கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தேன். மூன்று நாள், ஒரு பொய், முதுகெல்லாம் வலி. போதும்.

"மாத்துனதுதான்."

வாசலில் முதல் நாள் தண்ணீர் கொடுத்த அந்த அம்மா நின்றிருந்தார். ஜமால் போனை அவசரமாக அணைத்தார்.

"மதுரையில விட்டு மாத்துனாக. ரெண்டு மாசம் வீட்டுல கார் இல்ல. அந்த ரெண்டு மாசமும் அவுக ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தாக. அதனால எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

நீங்கள்தான் மீனாட்சி ஆச்சியா என்று கேட்டேன். ஆமாம் என்றார். இந்தக் காரை விற்பதில் உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன்.

"அத என்கிட்ட இன்னிக்குத்தான் ஒரு ஆள் கேக்குது" என்றார் ஆச்சி.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சார் வரலையா, சார் வரலையா என்று கேட்டவர்கள்மேல் மூன்று நாளாகக் கொதித்துக்கொண்டிருந்தவள் நான். அந்த மூன்று நாளில் நான் தேடிப்போனது ஜமாலை, சுப்பையாவை. காரின் சொந்தக்காரர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பை நீட்டியதோடு சரி. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். காரை யார் ஓட்டப்போவது என்று மட்டும் ஆச்சி கேட்டார். நான்தான் என்றேன்.

"நாளைக்கு வாங்க. சொல்றேன்" என்று உள்ளே போய்விட்டார்.

இன்னொரு நாள். ஜமால் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆச்சியிடம் நான் கேட்டிருக்கக் கூடாது என்றார். பெரிய மனுஷிகளிடம் இதெல்லாம் கேட்டால் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று பழனிச்சாமியிடம் வருத்தப்பட்டுக்கொண்டார். பழனிச்சாமி கருவிகளை மறுபடி வெளியே எடுத்து வைத்தார். இருட்டும்வரை வேலை செய்தார். கெட்டுப்போன பெட்ரோலை வடித்தார், பிளக்கைச் சுரண்டினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், டயர்களுக்குக் காற்று ஏற்றினார். புது பேட்டரி ஒன்றை நான் காரைக்குடியில் வாங்கி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பேட்டரிக்கும் ஒரு டிக்கெட் போட்டார்கள்.

நான்காம் நாள் காலையில் நாங்கள் போனபோது சுப்பையா வந்து நின்றிருந்தார். முகத்தில் பழைய இனிமை இல்லை. பெரியாத்தாவுக்கு என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பழனிச்சாமி காரைக் கிளப்பிவிட்டார். முதலில் இருமல், பிறகு கொட்டகை நிறையக் கறுப்புப் புகை, பிறகு டாக்சி இன்ஜினின் நிதானமான சத்தம். என்னைத் தனியாக அழைத்து, "பிரேக் இருக்குதுங்க. ஆனா நம்பாதீங்க" என்றார்.

ஆச்சி வந்தார். கஞ்சி போட்ட சுங்கடிச் சேலை, கையில் ஒரு கைக்குட்டை.

"என்னை ஒரு தடவை இதுல ஏத்திக்கிட்டுப் போங்க. அதுக்கப்புறம் சொல்றேன்."

சுப்பையா குறுக்கே வந்தார். இந்த வயதில் எதற்கு, ஊர் பார்த்தால் என்ன நினைக்கும், வேண்டுமானால் தன் காரில் ஏசியில் கூட்டிப் போவதாகச் சொன்னார். ஆச்சி அவரைத் தாண்டி வந்து கதவைப் பிடித்தார். அந்தக் கார் அவ்வளவு தாழ்வு. உட்காருவது என்பது அதில் விழுவதுதான். நான் ஒரு கையையும் பழனிச்சாமி ஒரு கையையும் பிடிக்க, ஆச்சி ஒரு வழியாக உட்கார்ந்தார்.

வீதிக்கு வந்தோம். கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனது. பெரிய வீடுகளின் நீண்ட மதில்கள் இரண்டு பக்கமும் பின்னால் போயின. மேலே ஒன்றுமில்லை, வெறும் வானம். நான் எத்தனை வருஷம் நினைத்திருந்தேனோ அது நடந்துகொண்டிருந்தது. ஆனால் அனுபவிக்க நேரமில்லை. கிளட்ச் கல்லாக இருந்தது. மூன்றாவது கியரைத் தேடினால் முதலாவது வந்தது. தரைத்தகடு வழியாக இன்ஜின் சூடு பாதத்தைச் சுட்டது. ஊருணிக் கரையில் திரும்பும்போது பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து ஹாரனை விடாமல் அடித்தது. பதற்றத்தில் வேகத்தைக் குறைத்தேன். கார் இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. பஸ் டிரைவர் தலையை நீட்டி ஏதோ சொன்னார். கண்டக்டரும் பயணிகள் மூன்று பேரும் இறங்கி வந்து, எங்களைக் கேட்காமலேயே காரை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு ஏறிப் போனார்கள். தள்ளும்போது ஒருவர், வீட்டில் ஆம்பளைங்க இல்லையா என்றார். வெயில் நேராகத் தலையில் இறங்கியது. இருக்கையின் கம்பி முதுகில் குத்தியது. பெட்ரோல் நாற்றம் வேறு.

ஆச்சி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முன்னால் இருந்த முள் அசையாத வட்டங்களையும், கால் நீட்ட இடமில்லாத பள்ளத்தையும், என் கையில் அப்பியிருந்த கறுப்பையும் மெதுவாகப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து இது நம்ம வீட்டுல நிக்குது. ரெண்டே சீட்டு. ஒண்ணு அவுகளுக்கு, இன்னொண்ணு அவுக கூட்டாளிக்கு. நான் பெரிய கார்ல டிரைவரோட பின்னால வருவேன். கண்ணாடி வழியா இவுக ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டுப் போறது தெரியும். என்னமோ இருக்கு இதுக்குள்ளன்னு நெனைச்சு இருந்தேன்." இருக்கையை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். தூசி கிளம்பியது. "முதுகுதான் வலிக்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு இது புடிச்சிருக்கா?"

நான்கு நாள் அலைச்சலும், இல்லாத இன்ஜினும், நம்பக் கூடாத பிரேக்கும் நினைவுக்கு வந்தன. இல்லை என்று சொல்வதற்கு வேண்டிய அளவுக்குக் காரணம் இருந்தது.

"புடிச்சிருக்குங்க ஆச்சி" என்றேன்.

ஆச்சி கதவைத் திறந்து, என் தோளை ஊன்றிக்கொண்டு, மூன்றாவது முயற்சியில் எழுந்து நின்றார். சேலையை உதறிச் சரி செய்துகொண்டார்.

"நான் நடந்தே போயிக்கிருவேன். நீங்க உங்க காரத் தள்ளிக்கிட்டு வந்து சேருங்க."

சொல்லிவிட்டு ஊருணிக் கரை ஓரமாக வேகமாகவே நடந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. பழனிச்சாமி ஜமாலின் வேனில் கயிறோடு வந்து சேர அரை மணி நேரம் ஆனது. எதிரே ஒரு வாதாமரம், அடியில் நல்ல நிழல். நான் இறங்கிப் போகவில்லை. வெயிலில், காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.